நஃபில் நோன்பில் சர்க்கரை இறங்கினால் நோன்பைத் திறக்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அதற்கு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. ரமலான் நோன்பை விட்டதில்லை. வீட்டுக்காரர் மவுத்தான பிறகு, இரண்டு வருடமாகத் திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பும் (நஃபில், கடமை இல்லாமல் நாமாக வைப்பது) வைத்து வருகிறேன். அந்த நாட்களில்தான் மனசு அமைதியாக இருக்கிறது. போன வியாழன் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதிக்கொண்டிருந்தபோது கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மருமகள் மெஷினில் குத்திப் பார்த்தாள். 58 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு 50 நிமிடம்தான் இருக்கிறதே என்று நான் குடிக்கவில்லை. பாங்கு சொன்ன பிறகுதான் வாயில் வைத்தேன். மகன் அன்றிலிருந்து, ரமலானைத் தவிர நோன்பே வைக்கக் கூடாது என்கிறான். அல்லாஹ்வுக்காக வைத்த நோன்பை இடையில் முறிக்கலாமா? நோன்பே சர்க்கரையைக் குணமாக்கும், அதற்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பை மட்டும் வைத்தால் என்ன?

பதில்: அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. முதலில் அந்த 50 நிமிடத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். நீங்கள் 58இல் இருந்தீர்கள். நீங்கள் சாப்பிட்ட மாத்திரை அப்போதும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால், ‘எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டும்’ என்று கேட்கும் தெளிவே உங்களிடம் இருந்திருக்காது. தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களையும், முஸல்லாவிலேயே சாய்ந்து கிடந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்களை அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ். இனி ஒரு முறை அப்படி வந்தால் மஃரிபுக்கு 50 நிமிடம் இருந்தாலும் சரி, 5 நிமிடம் இருந்தாலும் சரி, நோன்பைத் திறந்துவிடுங்கள்.

‘முறிப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் உங்களைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். நான் மருத்துவர், மார்க்கம் கற்ற ஆலிம் அல்ல. ஆனால் நோன்பு வைக்கும் நோயாளிகளோடு இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஊர் ஹழ்ரத்மார்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஃபர்ளான, அதாவது கடமையான, ரமலான் நோன்பிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாளில் வைத்துக்கொள்ள குர்ஆன் அனுமதி கொடுக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம், அல்லாஹ் உங்களுக்கு இலகுவை நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்கிறது. ரமலானுக்கே இந்த நிலை என்றால், நீங்களாக விரும்பி வைத்த நோன்புக்கு என்ன? ஒரு நாள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்று ஆயிஷா நாயகி சொல்ல, அப்படியானால் நான் நோன்பு என்கிறார்கள். இன்னொரு நாள் பேரீச்சம்பழமும் நெய்யும் பாலாடைக் கட்டியும் சேர்த்துப் பிசைந்த ‘ஹைஸ்’ அன்பளிப்பாக வந்திருந்தது. காலையில் நோன்பாளியாகத்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டு அதைச் சாப்பிட்டார்கள். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது. அங்கே நோயும் இல்லை, நடுக்கமும் இல்லை. பலகாரம் வந்தது, சாப்பிட்டார்கள். நீங்கள் 58இல் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி). அதன்படி நஃபில் நோன்பை இடையில் விட்டால் குற்றமும் இல்லை, திருப்பி வைப்பது கடமையும் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பின்னால் ஒரு நாள் கழா, அதாவது ஈடாக ஒரு நோன்பு, வைக்க வேண்டும் என்பார்கள். உயிருக்கு ஆபத்து வரும்போது திறக்கலாமா என்பதில் மட்டும் எந்த மத்ஹபுக்கும் இரண்டு கருத்து கிடையாது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நபித்தோழர் சல்மான் ஃபார்ஸி ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் ஞாபகம்தான் வந்தது. ஹிஜ்ரத்துக்குப் பிறகு நபியவர்கள் சல்மானையும் அபுத்தர்தாவையும் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஒரு நாள் சல்மான், அபுத்தர்தா வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரம்மா கவனிப்பில்லாத உடையில் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்கிறார். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்த நாட்டமும் இல்லை என்கிறார் அந்த அம்மா. அபுத்தர்தா வந்து சாப்பாடு வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிடுங்கள், நான் நோன்பு என்கிறார். நீங்கள் சாப்பிடாமல் நான் கை வைக்க மாட்டேன் என்று சல்மான் உட்கார்ந்துவிட்டார். அபுத்தர்தா நோன்பை விட்டுச் சாப்பிட்டார். இரவில் அவர் தொழ எழுந்தபோதும் தூங்குங்கள் என்று தடுத்து, கடைசிப் பகுதியில்தான் எழுப்பி இருவரும் தொழுதார்கள். உம்முடைய ரப்புக்கு உம்மீது உரிமை இருக்கிறது, உம்முடைய உடலுக்கும் உரிமை இருக்கிறது, குடும்பத்துக்கும் உரிமை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அதன் உரிமையைக் கொடும் என்றார் சல்மான். காலையில் இதைக் கேட்ட நபியவர்கள், சல்மான் சொன்னது உண்மை என்றார்கள். புகாரியில் இருக்கிறது. டம்ளரோடு ஓடிவந்த உங்கள் மருமகள் அன்று அந்த சல்மானின் இடத்தில் நின்றிருந்தார் லாத்தா.

அதற்காக உங்கள் மகன் சொல்வதை அப்படியே ஏற்கவும் எனக்கு மனமில்லை. பயத்தில் சொல்கிறார், அது பாசம். ஆனால் ‘இனி நோன்பே வேண்டாம்’ என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்தும்போது உங்களிடமிருந்து எதை எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. ரமலானில் ஊரே நோன்பு. பள்ளியில் கஞ்சி, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குத் தெருவெல்லாம் விளக்கு. திங்கட்கிழமை நோன்பு அப்படி இல்லை. அடுப்படியில் மற்றவர்களுக்கு மீன் ஆணம் கொதிக்கிறது, பேரன் பிஸ்கட்டை நீட்டுகிறான், பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வாசம் வருகிறது. நீங்கள் நோன்பு என்பது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும். நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸின் பொருள் இந்த மாதிரி நாளில்தான் எனக்குப் பிடிபட்டது.

என் உம்மா மாதா மாதம் பிறை 13, 14, 15இல் வெள்ளை நாள் நோன்பு வைப்பார். காலண்டர் பார்க்க மாட்டார். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது நிலாவைப் பார்த்து, நாளைக்கு வைக்கலாம் என்பார். அந்த மூன்று நாளும் வீட்டில் சத்தமே இருக்காது. சொத்து விஷயமாக என் மாமா ஒரு முறை வந்து கத்தியபோது உம்மா, ‘நான் நோன்பு’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். யாராவது சண்டைக்கு வந்தால் நான் நோன்பாளி என்று சொல்லுங்கள் என்பது ஹதீஸ் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். துணையை இழந்த வீட்டில் திங்களும் வியாழனும் உங்களுக்கு ஒரு பிடிமானமாக இருக்கிறது. திங்கள் நான் பிறந்த நாள் என்று நபியவர்கள் சொன்ன நாள். திங்களும் வியாழனும் அமல்கள் எடுத்துக்காட்டப்படும் நாட்கள், அப்போது நான் நோன்பாளியாக இருக்க விரும்புகிறேன் என்றும் சொன்னார்கள். அதை உங்களிடமிருந்து பறிக்க மாட்டேன். எப்படி வைப்பது என்பதை மட்டும் மாற்றுவோம்.

இனி மாத்திரை. நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் 58 வரை இறங்கியதைப் பார்த்தால், உங்கள் காலை மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி ஒன்று சேர்ந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறேன். நம் ஊரில் இரண்டையும் ஒரே மாத்திரையாகத்தான் அதிகம் எழுதுகிறார்கள். நோயாளிக்கு அது ‘சர்க்கரை மாத்திரை ஒன்று’, அவ்வளவுதான். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் என்னென்ன பெயர் இருக்கிறது என்று மகனை வாசிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி அல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு முறை போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அதன் வேலை இருக்கும். சஹரில் நாலு வாய் சாப்பிட்டு அதைப் போட்டால், அஸர் நேரத்தில் சாப்பாடு தீர்ந்திருக்கும், மாத்திரை தீர்ந்திருக்காது.

திங்கள், வியாழன் நோன்பில் ரமலானில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. ரமலான் வருவதற்கு முன் மருத்துவரிடம் போவீர்கள், அவர் மாற்றி எழுதுவார், இரண்டு மூன்று நாளில் வீடே அந்த ஒழுங்குக்கு வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் நோன்பு என்றால், வாரம் இரண்டு முறை மாத்திரை நேரம் மாறி, மறுபடி பழைய நேரத்துக்கு வர வேண்டும். பழக்க தோஷத்தில் கை பழைய டப்பாவுக்கே போகும். என்னிடம் நஃபில் நோன்பில் தாழ்சர்க்கரையோடு வந்தவர்கள் பலர் அப்படி வந்தவர்கள்தான். நோன்பு நாளுக்கென்று வேறு நிறத்தில் ஒரு டப்பா வையுங்கள். முதல் நாள் இஷாவுக்குப் பிறகு அதில் எடுத்து வைத்துவிடுங்கள். சஹரில் தூக்கக் கலக்கத்தில் யோசிக்க வேண்டிய வேலை இருக்கக் கூடாது.

எந்த மாத்திரையை எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். உங்களைப் பரிசோதிக்காமல் அதைச் செய்வது தவறு. ஆனால் உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கிளிமிபிரைடு இருந்தால் அதை நோன்பு நாளில் மஃரிபுக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, அல்லது சர்க்கரையை இவ்வளவு இறக்காத வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இருந்தால், அவை சிறுநீரில் சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றும். நோன்பில் உடம்பு வறண்டுபோகும், சிலருக்கு இரத்தத்தில் அமிலமும் கூடும், அதையும் கேளுங்கள். பிரஷர் மாத்திரையையும் காட்டுங்கள். அட்டினோலால், மெட்டோபிரோலால் வகை என்றால் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடலாம். அப்போது வியர்வை ஒன்றுதான் எச்சரிக்கை. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு இரண்டும் பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் என் பதில் மாறிவிடும். அப்போது நஃபில் நோன்பு வேண்டாம் என்பேன்.

இது எங்கள் வீண் பயம் இல்லை. 2001இல் 13 நாடுகளில் சர்க்கரை உள்ள 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உங்களுக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரையில், ரமலான் மாதத்தில் கடுமையான தாழ்சர்க்கரை மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதன் பிறகுதான் நோன்புக்கு முன்பே மருந்தை மாற்றி எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இன்று சரியாகத் திட்டமிட்டால் பலர் பத்திரமாகவே நோன்பு வைக்கிறார்கள்.

மெஷினில் குத்திப் பார்ப்பதால் நோன்பு போகாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. நோன்பு நாளில் காலை பத்து மணி வாக்கில் ஒரு முறை, லுஹருக்குப் பின் ஒரு முறை, அஸருக்குப் பின் ஒரு முறை பாருங்கள். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் எந்த நேரமானாலும் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் நோன்பைத் திறக்க வேண்டும். 300க்கு மேலே போனாலும் திறக்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. 90க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். திறக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு சாப்பாடு சாப்பிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்திவிட்டு மஃரிப் வரை காத்திருக்கக் கூடாது, மாத்திரை இன்னும் உள்ளே இருக்கிறது.

அடுத்து அந்த வாட்ஸ்அப் செய்தி. 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது உண்மை. செல்கள் தங்களுக்குள் சேரும் கழிவையும் பழைய பாகங்களையும் தாங்களே உடைத்து மறுபடி பயன்படுத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதை அவர் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார். நோன்பு வைக்கும் மனிதர்களை வைத்து அவர் ஆய்வு செய்யவில்லை, நோன்பு சர்க்கரையைக் குணமாக்கும் என்று சொல்லவும் இல்லை. ‘நோன்பு வையுங்கள், ஆரோக்கியம் பெறுவீர்கள்’ என்று ஹதீஸாகப் பரவும் வாசகமும் பலவீனமான அறிவிப்பு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பலமான அடித்தளம் உள்ள ஓர் இபாதத்துக்குப் பலவீனமான சாட்சி எதற்கு? மாத்திரையை நிறுத்தவே கூடாது லாத்தா. இதில் என்னிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது.

நோன்பால் உடம்புக்கு நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. நம் ஊரில் ஒரு நோன்பு ஏறக்குறைய 13, 14 மணி நேரம். 12 மணி நேரத்தை நெருங்கும்போது கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை கரைந்து, உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. இடைவிட்டு உண்ணாமல் இருப்பவர்களுக்கு எடை குறைவதும், சிலருக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்வதும் ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அதே அளவு உணவைத் தினமும் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் எடை ஏறக்குறைய அதே அளவுதான் குறைகிறது. பலன் எல்லாம் மஃரிபுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பெரிய மெஜூல் பேரீச்சம்பழம் ஒன்றிலேயே சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒன்று போதும். கஞ்சி ஒரு கிண்ணம் குடியுங்கள். பச்சரிசியைக் குறைத்து, பாசிப்பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டி, தேங்காய்ப்பாலைக் கொஞ்சமாக விடுங்கள். வடை, சம்சாவைப் பெருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சு என்று நபியவர்கள் சொன்ன அளவைவிடச் சிறந்த உணவுச் சீட்டை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

நஃபில் நோன்பில் பலர் சஹருக்கு எழுவதில்லை. காலையில் எழுந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் நிய்யத் (நோன்புக்கான எண்ணம்) வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருப்பதால் அப்படி. வாலிபப் பிள்ளைகள் வைக்கட்டும். நீங்கள் சஹர் இல்லாத நோன்பு வைக்கவே கூடாது. சஹரில் பரக்கத் இருக்கிறது என்ற ஹதீஸை உங்கள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்வரை தள்ளிச் சாப்பிடுங்கள். வெள்ளைச் சோற்றைக் குறைத்து முட்டையோ மீனோ பருப்போ சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நாள் என்பதை இப்போதைக்குக் குறையுங்கள். மருந்து மாறி, அளவுகள் நிலைக்கு வரும் வரை ஒரு நோன்பும் வேண்டாம். பிறகு மாதத்துக்கு இரண்டு வையுங்கள், அந்த நாட்களின் கணக்கைப் பார்த்துக் கூட்டுவோம். சித்திரை, வைகாசி வெயிலில் விட்டுவிட்டு, பகல் சுருங்கியிருக்கும் கார்த்திகை, மார்கழியில் வையுங்கள். ஜூனைவிட டிசம்பரில் நம் பக்கம் பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. பிள்ளைப்பேறு காலத்தில் விட்ட ரமலான் நோன்புகள் பாக்கி இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். பெண்கள் பலர் அதை மறந்துவிட்டு நஃபிலுக்குப் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை கழா நோன்பு வைத்தால் அந்த நாளின் சிறப்பும் சேர்ந்தே கிடைக்கும் என்று ஷாஃபிஈ ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். உங்கள் ஊர் ஹழ்ரத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோன்பு வைக்க முடியாத திங்கட்கிழமைகளுக்காக மனம் சோர வேண்டாம். நோயில் விழுந்தவருக்கும் பயணத்தில் இருப்பவருக்கும், ஊரில் நலமாக இருந்தபோது செய்துவந்த அமலின் கூலி அப்படியே எழுதப்படும் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. இரண்டு வருடமாக விடாமல் வைத்தவர் நீங்கள். நோன்பாளியை நோன்பு திறக்க வைத்தவருக்கும், நோன்பாளியின் கூலி குறையாமல், அதே கூலி உண்டு. உங்கள் தெருவில் திங்கள், வியாழன் நோன்பு வைப்பவர்கள் இருப்பார்கள். ஒரு சட்டி கஞ்சியை அனுப்பிவையுங்கள்.

மருத்துவரைப் பார்த்த பிறகு, மாத்திரை அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஒரு வாரத்துச் சர்க்கரை அளவுகளோடு அனுப்பச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம். அடுத்த நோன்பை எப்போது வைக்கலாம் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். மருமகளுக்கு என் சலாம். அவர் கையில் டம்ளர் இருந்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள்.